ஒற்றைக் காதும் இழுவைக் கப்பலும்

ஜன்னலில் வெயில் அடிக்கக் கண்டு பதறி எழுந்தேன். சாத்தூரில் இட்லிக் கடை நடத்தின முப்பது வருஷத்தில் வெயில் வந்தபிறகு நான் எழுந்ததே கிடையாது. புது ஊரில் முதல் நாளே மானம் போயிற்றே என்று சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தால், வீட்டுக்காரி சரசு அடுப்புகூடப் பற்றவைக்காமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, அதுக்குள்ள எந்திரிச்சிட்டீங்க? மணி இன்னும் அஞ்சரை ஆகல."

"வெயில் அடிக்குதேம்மா."

"எங்க ஊர் சூரியன் அப்படித்தான். மெயின்லேண்டுக்கு முந்தி வந்துட்டு முந்தியே போயிரும். சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் லைட்டு போடணும்."

கடிகாரம் ஒன்றுதான், சூரியன் மட்டும் வேறா? யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. ஊர்ப் பெயரும் அப்படித்தான். டிக்கெட்டில் ஸ்ரீ விஜய புரம் என்று எழுத்துக்கூட்டிப் படித்து வைத்திருந்தேன். கரையில் இறங்கினால் ஆட்டோக்காரர் போர்ட் பிளேர் என்கிறார். ஊர் மாறி இறங்கிவிட்டோமோ என்று நான் திரும்பவும் கப்பல் பக்கம் நடக்க, மகள் செல்வி கையைப் பிடித்து இழுத்து ஆட்டோவில் ஏற்றினாள். அந்தமானில் இருந்த பன்னிரண்டு நாளும் ஒன்று விளங்கினால் இரண்டு விளங்காமல் போயிற்று.

நாங்கள் சுற்றிப் பார்க்க வரவில்லை. செல்வியின் பிள்ளை யாழினிக்கு ஐந்து வயது. இன்னும் காது குத்தவில்லை. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவது. அந்தத் தாய்மாமன், என் ஒரே மகன் முருகேசன், அந்தமானில் கப்பல் வேலையில் இருக்கிறான். இரண்டு தடவை நாள் குறித்தோம், பத்திரிகை அடித்தோம், பந்தல் போட்டோம். இரண்டு தடவையும் "கப்பலுக்குக் கூப்பாடு வந்துருச்சும்மா" என்று போன்தான் வந்தது. அவன் கல்யாணப் பேச்சுக்கும் ஆறு வருஷமாக இதே பதில்தான்.

இரண்டாம் தடவை என் நாத்தனார் எல்லார் முன்னாலும், "மாமன் இல்லாட்டி என்ன, நம்ம வீட்டுப் பையன் எவன் மடியிலயாவது குத்திட்டுப் போவோம்" என்றாள். என் மகன் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தன் மடியா? சமைத்த சோற்றைப் போட்டு எல்லாரையும் அனுப்பிவிட்டு, அன்றைக்கே முடிவு செய்தேன். மடி வராவிட்டால் பிள்ளை மடியைத் தேடிப் போகும்.

முருகேசன் டாலிகஞ்சில் சரசு வீட்டு மாடியில் எங்களுக்கு அறை பிடித்து வைத்திருந்தான். சரசுவும் அவள் புருஷன் மாரிமுத்துவும் சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். மாரிமுத்து இப்போது துறைமுகத்தில் லாஞ்சு ஓட்டுகிறார். வெளியே நிற்கிற கப்பல்களுக்குக் காய்கறியும் தண்ணீரும் கொண்டு கொடுக்கிற சின்ன மோட்டார் படகு. அவர்கள் பேசுவது நம் தமிழ்தான், நடுநடுவே இந்தி வந்து விழும். "பாணி பிடிச்சி வச்சிருக்கேன்" என்று சரசு சொன்னபோது, என்னத்தைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். தண்ணீர்.

முதல் நாள் மகன் வந்தான். நான்கு இட்லியை நின்றுகொண்டே தின்றான். கண் இட்லியில் இல்லை, போனில் இருந்தது.

"உக்காந்து தின்னுடா."

"இருக்கட்டும்மா. வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு முகூர்த்தம், அதை வச்சிக்கிருவோம். கோயில் பக்கத்துலதான். என்னால வர முடியும்."

'முடியும்' என்று அவன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் பாஸ் வாங்கி எங்களைத் துறைமுகத்துக்குள் அழைத்துப்போனான். மகன் கப்பல் என்றதும் நாங்கள் ஏறி வந்த வெள்ளைக் கப்பல் மாதிரி அடுக்கடுக்காக மனதில் கட்டி வைத்திருந்தேன். அவன் காட்டியது குட்டையாக, அகலமாக, செங்காவி நிறத்தில் இருந்தது. முன்பக்கம் மாடி வீடு. பின்பக்கம் நெல்லடிக்கிற களம் மாதிரி வெறிச்சென்று கிடந்தது. சுற்றிலும் பழைய லாரி டயர்கள் தொங்கின.

"இதுவாடா?"

"இதுதாம்மா. நம்ம டக்கு, இழுவைக் கப்பல்."

"மிச்சத்தை எப்பக் கட்டுவாங்க?"

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சமையல்காரர் ராம்லால், நான் கேட்டது என்னவென்று முருகேசனிடம் விசாரித்துச் சிரித்தார். அவர் தீவிலேயே பிறந்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் கைதியாகக் கொண்டுவரப்பட்டவருடைய பேரன் மகன். அவருடைய இந்தியை முருகேசன் எனக்குத் தமிழாக்கிச் சொன்னான். "மிச்சமெல்லாம் தண்ணீருக்குள் இருக்கிறதாம். அத்தனையும் எஞ்சினாம்."

நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோன கப்பல், தீப்பிடித்த கப்பல், பாறையில் ஏறின கப்பல், ஓட்டை விழுந்த கப்பல், எது கூப்பிட்டாலும் இது ஓட வேண்டும். தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய கப்பலையும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிடுமாம். மற்ற நாளெல்லாம் கரையில் கட்டிக் கிடக்க வேண்டும். கூப்பாடு வந்த ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பிவிட வேண்டும் என்பதால், கப்பல் ஆட்கள் யாரும் அரைமணித் தூரத்துக்கு அப்பால் போகக் கூடாது. முருகேசன் அங்கே போசன். கயிறு, சங்கிலி, கப்பி எல்லாவற்றுக்கும் அவன்தான் பொறுப்பு.

"இப்ப எத்தனை நாளாக் கட்டிக் கிடக்கு?"

"நாப்பத்தோரு நாள்."

"நாப்பத்தோரு நாளா வேலை இல்லையா?"

"இதுதாம்மா வேலை."

"எதுடா?"

"காத்துக்கிட்டு இருக்கிறது."

எனக்கு வந்த கோபத்தில் குரல் துறைமுகம் முழுக்கக் கேட்டிருக்கும். "கப்பலை எருமை மாடு மாதிரி கட்டிப்போட்டுட்டு நீ சும்மா நிப்ப, அங்க நான் எல்லார் வாயிலயும் விழணுமா? கடையில மாவை அரைச்சு வச்சுட்டு நாப்பது நாள் ஆளுக்குக் காத்துக்கிட்டிருந்தா அதுக்குப் பேரு வேலையாடா?"

அவன் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். கீழ்த்தளத்தைத் திறந்து காட்டினான். ஆள் உயரப் பம்புகள், தண்ணீருக்குள் முங்கி வேலை செய்கிறவர்களின் காற்றுக் குப்பிகள், அடுக்கடுக்காக மர ஆப்புகள், சிமெண்ட் மூட்டைகள், பழைய மெத்தைகள். தினமும் காலையில் எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும், பம்பை இறைத்துப் பார்க்க வேண்டும்.

"மெத்தையும் சிமெண்டும் எதுக்கு? கடல்ல வீடு கட்டவா?"

"ஓட்டையில மெத்தையைத் திணிச்சு, ஆப்பை அடிச்சு, மேல சிமெண்ட் கொட்டுவோம். கரைக்கு வர்ற வரைக்கும் தாங்கும்."

பின்தளத்தில் கிணற்றடிக் கப்பியைப்போல நூறு மடங்கு பெரிய உருளை. அதில் என் மணிக்கட்டுத் தடிமனுக்கு இரும்புக் கயிறு சுற்றியிருந்தது. வாராவாரம் அதை அவிழ்த்துக் கிரீஸ் பூசுகிறானாம். உள்ளங்கையெல்லாம் கறுப்பு ஏறிப்போயிருந்தது.

"இழுக்கிறப்ப இந்தக் கயிறு வெளிய தெரியக் கூடாதும்மா. தொய்வாத் தண்ணிக்குள்ள கிடக்கணும். விறைப்பா மேல வந்துச்சுன்னா அறுந்துரும். அறுந்தா நிக்கிற ஆளை ரெண்டாக்கிரும்."

"தொய்ஞ்சு கிடந்தா எப்படிடா இழுக்கும்?"

"இழுக்கும்மா."

கிழட்டு மாட்டிலிருந்து சண்டிக் கன்று வரை இழுத்துக் கட்டினவள் நான். கயிறு விறைத்தால்தான் மாடு அசையும். இவன் என்னென்னவோ சொல்கிறான் என்று விட்டுவிட்டேன்.

மதியச் சாப்பாடு அங்கேயே. ராம்லாலின் மீன் குழம்புக்குக் குறை சொல்ல முடியாது. தேங்காய்ப்பால் விட்டு, அளவாகப் புளித்தது. ரசத்தில்தான் உருளைக்கிழங்கு மிதந்தது. அதை ஓரம் ஒதுக்கிவிட்டுக் குடித்தேன். சாப்பாட்டு அறைச் சுவரில் முருகனும் காளியும் மாதாவும் மெக்கா படமும் ஒரே பலகையில் இருந்தார்கள். எனக்கு ஒரு சந்தேகம். ராம்லாலிடம் கேட்கச் சொன்னேன்.

"கப்பல் உடைஞ்சாத்தான் உங்களுக்கு வேலை. நீங்க உடையணும்னு கும்பிடுவீங்களா, உடையக் கூடாதுன்னு கும்பிடுவீங்களா?"

ராம்லால் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு சொன்னதை முருகேசன் சொன்னான்: "உடைகிறது உடையத்தான் போகிறதாம். உடைகிறபோது எங்களுக்குப் பக்கத்தில் உடையட்டும் என்று கும்பிடுவாராம்."

இப்படி ஒரு வேண்டுதலை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை.

புதன்கிழமை பாம்பூஃப்ளாட்டில் சரசுவின் அக்கா வீட்டில் விருந்து. சாத்தாம் துறையிலிருந்து படகு. லாரி, ஸ்கூட்டர், மீன் கூடை, பள்ளி வாத்தியார்கள் எல்லாம் ஒன்றாக ஏறுகிற படகு. முருகேசன் துறை வரைக்கும் வந்து நின்றுகொண்டான்.

"நான் அந்தக் கரைக்கு வரக் கூடாதும்மா. படகு லேட்டாச்சுன்னா அரைமணிக்குள்ள திரும்ப முடியாது."

எதிர்க்கரை தென்னை மரத்தில் காயை எண்ணலாம், அவ்வளவு பக்கம். அதற்கும் வர முடியாதாம். நான் யாழினியைப் பிடித்துக்கொண்டு சரசுவோடு ஏறினேன். செல்வி செருப்பு மாட்டிக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் படகை எடுத்துவிட்டார்கள். கரையில் செல்வி "அம்மா, அம்மா" என்கிறாள். படகில் நான் "நிப்பாட்டுங்க" என்கிறேன். பக்கத்தில் நின்ற வங்காளத்து அம்மாள் என் தோளைத் தட்டி ஏதோ சொன்னாள். சரசு பிற்பாடு சொன்னாள்: "அழாதீங்க அக்கா, இது திரும்பவும் அங்கதான் போகும், வேற எங்கயும் போக இதுக்கு வழி தெரியாது" என்றாளாம். நான் அழவில்லை. காற்றில் கண் கலங்கியது.

வியாழக்கிழமை கோயிலுக்குப் போய் நாளைய காரியத்துக்குச் சொல்லிவிட்டு, முருகன் முன்னால் நின்று வேண்டினேன். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் எந்தக் கப்பலுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது." வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது, மகன் பிழைப்பு நடக்கக் கூடாது என்றல்லவா வேண்டியிருக்கிறேன். திரும்பப் போய் மாற்றிச் சொல்லவா என்று நின்றேன். எப்படி மாற்றிச் சொல்வது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை யாழினிக்கு மொட்டை அடித்துப் பட்டுப் பாவாடை கட்டினோம். அபர்டீன் பஜார் மணிக்கூண்டுப் பக்கம் முருகேசன் வேட்டியும் துண்டுமாக நின்றான். அவனுக்குப் பின்னால் கப்பல் ஜீப்பு. எங்களை ஏற்றிக்கொண்டு போக மகன் வண்டி கொண்டுவந்திருக்கிறான் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சரசு பார்க்கட்டும் என்று இரண்டு தடவை ஜீப்பைச் சுற்றி நடந்தேன்.

மாமன் சீர் ஏழு பித்தளைத் தட்டு. பட்டு, வளையல், பொம்மை, தேங்காய், வாழைப்பழம், இனிப்பு, ஆப்பிள்.

"அம்மா, தட்டையெல்லாம் ஜீப்புல ஏத்திட்டு மேல போயிருவோம். முதல்ல காதைக் குத்துவோம், சீரை அப்புறம் வரிசையா வப்போம்" என்றான்.

"சீர் வண்டியில போகாது. தலைக்கு மேல தூக்கிட்டு நடந்துதான் போகும்."

"ஆளு இல்லையேம்மா."

கப்பலை விட்டு எல்லாரும் வர முடியாது; ராம்லால் மட்டும் வந்திருந்தார். தூக்க முருகேசன், ராம்லால், சரசு, மாரிமுத்து, நான், ஐந்து பேர். ஏழு தட்டு. ஐந்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, மாரிமுத்துவும் ராம்லாலும் மேட்டிலிருந்து இறங்கித் திரும்பவும் போய் இரண்டைத் தூக்கி வரட்டும் என்றேன். முருகேசன் என்னைப் பார்த்தான், மணியைப் பார்த்தான், தட்டைத் தலைக்கு மேல் தூக்கினான். பஜாரில் ஆட்டோக்களெல்லாம் நின்று வழிவிட்டன. எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ஜீப்பு எங்களுக்கு முன்னாலேயே போய்க் கோயில் வாசலில் மூக்கை வெளிப்பக்கம் திருப்பி நின்றது. அது ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆசாரி உட்கார்ந்தார். முருகேசன் சட்டையில்லாமல் சம்மணம் போட, யாழினி அவன் மடியில். அவன் கை பிள்ளையின் மொட்டைத் தலையை அப்படியே ஏந்தியிருந்தது. பெண் பிள்ளைக்கு முதலில் இடது காது. வாயில் சர்க்கரையைப் போட்டேன். ஆசாரி ஒரே குத்து. பிள்ளை போட்ட சத்தத்தில் கோயில் புறா எல்லாம் பறந்தது. கம்மல் ஏறிவிட்டது.

அப்போது மாரிமுத்துவுக்குப் பின்னால் ராம்லால் மேடேறி, தலையில் ஆப்பிள் தட்டோடு மூச்சிரைக்க உள்ளே வந்தார். அவர் மடியில் செருகியிருந்த முருகேசனின் போன் அடித்தது.

முருகேசன் கேட்டுக்கொண்டான். இரண்டு வார்த்தைதான் பேசினான்.

"அம்மா, போகணும்."

"ஒரு காதுதான்டா ஆயிருக்கு! ஊசி கையில இருக்கு!"

யாழினி இரண்டு கையாலும் வலது காதைப் பொத்திக்கொண்டு உருண்டாள். ஆசாரி, "கொஞ்சம் அமர்த்திக் குடுங்க, பத்து நிமிஷத்துல முடிச்சிரலாம்" என்றார்.

"எஞ்சின் ரூமுல தீ. எஞ்சின் நின்னு கப்பல் பாறைப் பக்கம் தள்ளிட்டுப் போகுது. ஆளுங்க உள்ள இருக்காங்கம்மா."

பிள்ளையைச் செல்வி மடியில் வைத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். பின்னாலேயே ராம்லால், தட்டை இறக்கி வைக்க மறந்து ஆப்பிளோடு ஓடினார். ஜீப்பு அவர்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போயிற்று. ஏன் மூக்கை வெளிப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

முருகேசன் உட்கார்ந்திருந்த இடத்தில் மாரிமுத்து மெதுவாக வந்து உட்கார்ந்தார். "என் மடியில குத்திடலாம்மா. செல்வி எனக்குத் தங்கச்சிதானே."

"எந்திரிங்க தம்பி" என்றேன்.

அவர் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்ச் செருப்புப் பக்கம் நின்றார். சரசு என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த மூன்று நாளும் பஜாருக்குப் போகும்போதெல்லாம் விசாரணை. வளையல் கடைத் தெலுங்கம்மா, "ஒரு கம்மல் தொலைஞ்சுபோச்சா?" என்றாள். மீன் விற்ற வங்காளத்துக்காரர் தரையெல்லாம் தேடவே ஆரம்பித்துவிட்டார். மொட்டைத் தலையும் ஒற்றைக் கம்மலுமாக யாழினி எல்லாருக்கும் வலது காதைக் காட்டி, "இது மாமாவுக்கு" என்றாள்.

செல்வி இரண்டு நாள் பேசாமலிருந்து மூன்றாம் நாள் வெடித்தாள்.

"ஒத்தைக் காதோட எப்படிம்மா ஊருக்குப் போறது? அத்தை சிரிக்க மாட்டாங்களா? மாரிமுத்து அண்ணன் மடியில குத்தினா என்ன குறைஞ்சு போகும்?"

"உன் தம்பி இருக்கான்ல?"

"அவன் இருந்தப்ப நீ விட்டியா? தட்டையெல்லாம் ஜீப்புல ஏத்தியிருந்தா ரெண்டு காதும் முடிஞ்சிருக்கும். அரைமணி நேரம் ஊர்வலம் விட்டது யாரு?"

நான் இட்லித் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். பிழிந்த துணியையே திரும்பப் பிழிந்தேன். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

கடவுள் கணக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. மத்தியானம் வரைக்கும் என்று வேண்டினேன். பத்து மணிக்கே தீப்பிடித்தது. என் வேண்டுதல் காதில் விழவில்லையா, ராம்லாலுடையது முந்திக்கொண்டதா? பக்கத்தில்தான் உடைந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மாரிமுத்து வந்து சொன்னார், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றபடி. "டக்கு வந்துருச்சு. ஆளுங்க எல்லாம் பத்திரம். ஆனா உள்ள வர மாட்டாங்க, வெளியவே நிக்கிறாங்க."

"கரைக்கு வந்துட்டு ஏன் வெளிய நிக்கணும்?"

"இழுத்துட்டு வந்த கப்பலைச் சோதிச்சுப் பாக்க மெயின்லேண்டுலருந்து ஆளு வரணும். சோதிக்காம உள்ள விட்டு, வழியில மூழ்கிருச்சுன்னா துறைமுகமே அடைஞ்சுபோயிரும். அது வரைக்கும் டக்கு கயிறை விட முடியாது. விட்டா அது கரையில போய் மோதும்."

புதன்கிழமை போன் வந்தது. குரல் கரகரத்துப் போயிருந்தது.

"அம்மா, எனக்கு இங்கருந்து கரை தெரியுது."

"பத்து நிமிஷம் வந்துட்டுப் போக முடியாதா? வெள்ளிக்கிழமை நாங்க கிளம்பணும்டா."

"கயிறு என் பொறுப்பும்மா. அலை மாற மாற, நீளத்தை விட்டு விட்டுப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும்." காற்றுச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினான். "மாரிமுத்து அண்ணன் மடியிலயே குத்திருங்கம்மா. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"நீ உன் வேலையப் பாரு" என்று வைத்துவிட்டேன். கோபத்தில் சொன்னேனா, நிஜமாகவே வேலையைப் பார் என்று சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை மாரிமுத்து லாஞ்சில் காய்கறி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். கையில் துணி போட்டு மூடின தட்டு. என் ஆப்பிள் தட்டு.

"வெறுந்தட்டாத் திருப்பக் கூடாதுன்னு போசன் சொல்லிட்டாராம்மா."

துணியை எடுத்தேன். என்ன எழுத்தென்று தெரியாத எழுத்து போட்ட இரண்டு தேயிலைப் பொட்டலம், ஒரு டப்பா உலர்ந்த திராட்சை, நீலக் கம்பளி நூலில் பின்னின ஒரு சின்னக் குல்லாய்.

மாரிமுத்து சொன்னார். தீப்பிடித்த கப்பலில் இருபத்தோரு பேர். விளக்கு இல்லை, அடுப்பு இல்லை. கப்பலின் முன் நுனியில் போய்க் குந்தியிருந்தார்களாம். டக்கிலிருந்து முதலில் ஏறினது முருகேசன், கயிறு கட்ட. அவன் இடுப்பில் ராம்லால் ஒரு பையைக் கட்டி அனுப்பியிருக்கிறார், கைக்கு அகப்பட்டது அந்த ஆப்பிள்தானாம். ஆளுக்குப் பாதி. என்ன தேசமோ, அவர்கள் பாஷை இவனுக்குத் தெரியாது, இவன் பாஷை அவர்களுக்குத் தெரியாது. எல்லாம் முடிந்து கயிறு கட்டினபிறகு, அது எதற்கு வாங்கின பழம் என்று முருகேசன் மடியைத் தட்டி, காதைத் தொட்டு, ஊசி மாதிரி விரலைக் காட்டி, விளங்க வைத்திருக்கிறான். ஒரு காதைத் தொட்டு 'ஆச்சு' என்றும், இன்னொரு காதைத் தொட்டு 'இல்லை' என்றும் காட்டினானாம். அதில் ஒரு ஆள் தன் பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த குல்லாயை எடுத்துக் கொடுத்துவிட்டாராம்.

"மொட்டைன்னு அவருக்கு யாரு சொன்னா?" என்றேன்.

"அதையும் போசன் தலையைத் தடவிக் காட்டியிருப்பாரு" என்று மாரிமுத்து சிரித்தார். கோயிலுக்குப் பிறகு என் முன்னால் அவர் சிரித்தது அப்போதுதான்.

நான் அடுப்பைப் பற்றவைத்தேன். முதல் ஈடு இட்லியை அவருக்கு இலை போட்டு வைத்தேன்.

"தம்பி, அன்னிக்குக் கோயில்ல எந்திரிங்கன்னு சொன்னது..."

"விடுங்கம்மா. சட்னி இன்னும் கொஞ்சம் போடுங்க."

செல்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போது குரலில் சண்டை இல்லை. "ஆசாரியை வரச் சொல்லவாம்மா? நாளைக்கு மத்தியானம்தான் கப்பல். அண்ணனும் இங்கதான் இருக்காரு."

நான் மாரிமுத்துவைப் பார்த்தேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மடியில் குத்தினால் ஒன்றும் குறையாது என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் அங்கே கடலில் ஒருத்தன் காதைத் தொட்டு 'இல்லை' என்று காட்டியிருக்கிறான்.

"வேணாம். அந்தக் காது அவனுக்கு இருக்கட்டும்."

"எப்ப? திரும்பவும் நாள் பாக்கப் போறியா?"

"நான் பாக்கல. அவன் எப்ப வாரானோ அன்னிக்கு."

"அத்தை கேட்டா?"

"ஒண்ணு ஆச்சு, ஒண்ணு இருக்குன்னு சொல்லு."

வெள்ளிக்கிழமை கப்பல் துறையை விட்டு வெளியே வந்ததும் எல்லாரும் ஒரே பக்கம் கூடினார்கள். நானும் யாழினியைத் தூக்கிக்கொண்டு கம்பியோரம் இடம் பிடித்தேன். அத்தனை வெயிலிலும் பிள்ளை குல்லாயைக் கழற்ற மாட்டேன் என்றது. அது இரண்டு காதையும் மூடியிருந்தது. கப்பலில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

தூரத்தில் செங்காவி நிறத்தில் ஒரு பொட்டு. அதற்குப் பின்னால், வெகுதூரம் தள்ளி, கரியேறின ஒரு பெரிய கப்பல். நடுவில் ஒன்றும் இல்லை. வெறும் கடல். மீன்பிடிப் படகு ஒன்றுகூட நடுவே போய்விடலாம்போல இருந்தது. என் பக்கத்தில் நின்றவர் தன் மனைவியிடம், "அது ரெண்டும் தனித்தனியாத்தான் நிக்குது, சும்மா நங்கூரம் போட்டிருக்கும்" என்றார்.

"தனித்தனியா இல்லைங்க, கட்டியிருக்கு" என்றேன்.

"கயிறே காணோமேம்மா?"

"தண்ணிக்குள்ள கிடக்கு. வெளிய தெரியக் கூடாது."

அவர் நம்பவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரிய கப்பல் இம்மி இம்மியாகத் தன் மூக்கை டக்கு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது.

டக்கின் பின்தளத்தில் எறும்பு அளவுக்கு இரண்டு மூன்று பேர் நின்றார்கள். எது என் மகன் என்று தெரியவில்லை. குல்லாயைக் கழற்றினேன். இடுப்பிலிருந்த பிள்ளையை மறுபக்கம் மாற்றி, அதன் வலது காது அந்தப் பக்கம் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டேன். அவனுக்குத் தெரிந்திருக்காது. தெரியட்டும் என்று நான் அப்படிப் பிடிக்கவும் இல்லை.

இன்னொரு கம்மலைச் செல்வி கேட்டாள், பெட்டியில் வைக்க. நான் கொடுக்கவில்லை. என் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். இதைச் சொல்கிறபோதும் அங்கேதான் இருக்கிறது.